மூன்று நாளில் மறையவிருந்த மாவட்டத்தில் ஒரு கார்ப் பதிவு

2008 ஜூலை 29, செவ்வாய்க்கிழமை. ஊர் திரும்பும் ஏற்பாட்டில் என் பழைய காரை முத்துலிங்கம் அண்ணைக்கு விற்றிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனியில் கிரிம்மா என்ற சிற்றூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. பெயர் மாற்ற அவரோடு நானும் போக வேண்டியிருந்தது.

நான் இருந்த லைப்சிக் நகரத்திலிருந்து காலை 9.10க்குக் கிளம்பினேன். முப்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடம். அண்ணையை ஏற்றிக்கொண்டு பதிவு அலுவலகம் போய் வரிசையில் நின்றோம். பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். 11.20க்கு எங்கள் முறை வந்தபோதுதான் காப்புறுதித் தாள் வீட்டு மேசையில் இருப்பது அண்ணைக்கு நினைவு வந்தது. மனைவி ரஞ்சினி அக்காவுக்கு போன் போட்டார்.

காத்திருந்த நேரத்தில் அதிகாரி அம்மா வரலாறு சொன்னார். கிரிம்மாவும் வூர்ட்சனும் முன்பு தனித்தனி மாவட்டங்கள். 1994இல் இரண்டையும் சேர்த்து, முல்டே ஆற்றின் பெயரால் ஒரு மாவட்டம் ஆக்கினார்கள். வண்டி எண் MTL என்று தொடங்கும். வரும் வெள்ளிக்கிழமை அதுவும் லைப்சிக் மாவட்டத்தில் கரைகிறது. அந்த மாவட்டத்தில் லைப்சிக் நகரம் கிடையாது, தலைநகர் போர்னா!

“மூன்று நாள் பொறுங்களேன். லைப்சிக் நகரத்துக்காரர் மாதிரி L கிடைக்கும். எல்லோரும் அதைத்தானே கேட்கிறார்கள்?” என்றார்.

“ஏலாது,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டார் அண்ணை. பிறகு ஜெர்மனில் விளக்கினார்: “M, மு. T, து. L, லிங்கம். என்ர பேர், அம்மா!”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். தன் கார் எண் இன்னும் பழைய கிரிம்மாவின் GRM தான் என்றார்.

11.50க்கு ரஞ்சினி அக்கா சைக்கிளில் மூச்சுவாங்க வந்து தாளை வைத்தார். “MTLக்கு அடுத்து எந்த எழுத்து?” என்று கேட்டார் அதிகாரி. அண்ணை யோசித்தார்.

“இதில யோசிக்க என்ன இருக்கு? பேப்பர் கொண்டுவந்தது ஆர்?” என்றார் அக்கா.

“R,” என்றார் அண்ணை, பணிவாக.

நான் ரயிலில் திரும்பினேன். முக்கால் மணி நேரம், ஏறக்குறைய ஆறு யூரோ. போகிறவர்களுக்கு: எல்லாத் தாள்களையும் முதல் நாளே பையில் வையுங்கள். மாவட்டத் தலைமையகத்தில் வேலை என்றால் லைப்சிக்கில் இறங்கித் தேடாதீர்கள், போர்னா போங்கள். மாவட்டத்தின் பெயரை ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம்; அங்கே இருக்கிறவர்கள் மாற நாளாகும் என்பது எனக்கு அன்று புரிந்தது.

2010இல் ஒரு நாள் அண்ணை போனில் பேசினார். கிளட்ச் போய்விட்டதாம். புதுக் கார் வாங்கச் சொன்னேன்.

“வாங்கலாம் தம்பி. ஆனா L எண்டுதானே தருவாங்கள்? லிங்கம் மட்டும் காரில போக, முத்து நடந்து வாறதோ?”