பாறைக்குப் பின்னால் இருந்த வானம்

ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று எங்கள் வாசலில் ஒரு லாரி ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனார்கள். நேற்று சாயங்காலம் தூறல் விழுந்ததும் அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. மண்வாசனை எங்கள் தஞ்சாவூர்ப் பாபநாசத்துப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். இது அது இல்லை. வெயிலில் கிடந்த கல்லில் தண்ணீர் பட்டால் வருகிற வாசனை, கொஞ்சம் இரும்பு கலந்த மாதிரி. கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன அத்தை, மயக்கமா?" என்றாள் மருமகள்.

"இல்லம்மா, பாறை" என்றேன். அவளுக்கு என்ன புரிந்திருக்கும்?

வயக்காட்டில் பிறந்தவளுக்குப் பாறையோடு என்ன சம்பந்தம் என்று நீங்களும் கேட்பீர்கள். வரப்பு உயரத்துக்கு மேல் நான் எதிலும் ஏறினவள் இல்லை. ஏறியது என் அண்ணன் கலியபெருமாள்.

அது கட்சிக்காரர்கள் சுவருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். அண்ணன் மிராசுதார் நிலத்தைக் குத்தகைக்கு உழுதது. வேலை ஓய்ந்த நாளில் கட்சிக்குச் சுவரெழுத்து எழுதும். குத்தகையைப் பதிவு செய்துவிட்டால் யாரும் வெளியேற்ற முடியாது என்று பேச்சு வந்ததோ இல்லையோ, மிராசுதார் எங்களை வயலை விட்டு இறங்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கட்சியின் வட்டச் செயலாளர் ஒரு வழி சொன்னார். அவரை நாங்கள் 'வட்டம்' என்றே சொல்வோம், ஆளும் அப்படித்தான் இருப்பார். தஞ்சாவூர் தாண்டிப் புதுக்கோட்டை ரோட்டில் ஒரு பாறை இருக்கிறது, தலைவர் அந்த வழியாக வருகிறார், அதற்குள் பாறை நிறைய 'உழுபவனுக்கே நிலம்' என்று எழுதிவிட வேண்டும். "எழுதிக் குடு கலியா, பதிவு அன்னிக்கு ஒன் பக்கத்துல நான் நிக்கிறேன்" என்றார்.

அண்ணனுக்கு எழுத்து போட வரும், படிக்க வராது. நான் அஞ்சாம் வகுப்பு. பாறையில் கயிறு கட்டித் தொங்குகிறவர்களுக்குத் தாங்கள் போடுகிற எழுத்தே தெரியாது, ஒரு 'ழு' இரண்டு ஆள் உயரம். கீழே ரோட்டில் நின்று பார்த்துச் சொல்ல என்னைக் கூட்டிப் போனது. எனக்கோ சத்தம் போட வெட்கம். துண்டை ஆட்டுவேன். பக்கவாட்டில் ஆட்டினால் வளைவு இன்னும் போகட்டும், தலைக்கு மேல் ஆட்டினால் போதும். பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் எனக்குப் பதிலுக்குக் கை காட்டினார்கள். நான் துண்டை மடிக்குள் ஒளித்துக்கொள்வேன். மேலேயிருந்து அண்ணன், "ஏய், தூங்குறியா?" என்று கத்தும்.

முதலில் பாறையையும் வயல் என்று நினைத்துத்தான் அண்ணன் நடந்தது. சேற்றில் கால்விரலை ஊன்றினால் பிடிக்கும். பாறையில் அப்படி ஊன்றினால் வழுக்கும், உள்ளங்கால் முழுக்கப் படிய வேண்டும். காலையில் பார்வைக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், புறங்கையை வைத்தால் வேர்த்திருக்கும். அண்ணன் ஒரு சிட்டிகை சுண்ணாம்புத் தூளைத் தூவி ஊதிப் பார்க்கும். பறந்தால் ஏறும். ஒட்டிக்கொண்டால் வெயில் வரட்டும் என்று டீக்கடைக்குப் போய்விடும். மேலிருந்து கறுப்பாக இறங்கிய தடங்களில் எந்த நாளும் கால் வைக்காது. அது தண்ணீர் ஓடின இடம், பாசி காய்ந்து கிடக்கும், கொஞ்சம் நனைந்தால் சோப்புத்தான்.

பாறையைக் கற்றுக்கொண்டோம். வானத்தை மட்டும் ஊரிலிருந்தே கொண்டு போயிருந்தோம். எங்களுக்கு மழை என்றால் கிழக்கு. ஐப்பசியில் கடல் பக்கம் கறுத்தால் களத்து நெல்லை மூட ஓடுவோம். மற்ற திசையை யார் பார்த்தது? அந்தப் பாறையில் நாங்கள் எழுதின முகம் கிழக்கே ரோட்டைப் பார்த்திருந்தது. மேற்கு வானம் முழுக்கப் பாறைக்குப் பின்னால்.

கடைசி நாள் 'நிலம்' மட்டும் பாக்கி. காலையிலிருந்தே புழுக்கம். தூள் பறந்தது. அண்ணன் கிழக்கே பார்த்தது, நானும் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"இன்னிக்கே ஒனக்குக் கல்யாணத்த வச்சிடலாம் போலருக்கே, பந்தல்கூட வேணாம்!"

"போண்ணே."

டீக்கடைக்காரர் மட்டும், "பின்னால ஒரு எட்டு போயி பாத்துட்டு ஏறுங்க தம்பி" என்றார்.

"கடல் இந்தப் பக்கம்தானே அண்ணே இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் போனது.

மத்தியானம் காற்று நின்றது. அப்புறம் பாறைத் தலைக்கு மேல் கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. துண்டை இரண்டு கையாலும் ஆட்டினேன். வெட்கத்தை விட்டுக் கத்தவும் கத்தினேன். "இரு, இன்னும் ஒரே எழுத்துதான்" என்றது அண்ணன். கோடை மழை, சடசடவென்று கொட்டியது. காயாத சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி கரைந்து இறங்கியது, அதில் கால் பட்டுவிட்டது. கயிறு அறுந்துபோகவில்லை. ஆனால் அண்ணனை ஒரே வீச்சில் கொண்டுபோய்ப் பாறை விளிம்பில் அடித்தது. இடுப்பு போய்விட்டது.

வேறு ஆள் விட்டு எழுத்தை முடித்தார்கள். தலைவர் வண்டியும் போனது. பார்த்தாரோ என்னவோ.

பதிவுக்காக அதிகாரி வயலுக்கு வந்த அன்று வட்டம் வாக்குத் தவறவில்லை, வரப்பில் வந்து நின்றார். அண்ணனைக் கட்டிலோடு தூக்கி வந்து பக்கத்தில் வைத்திருந்தோம். வயலில் ஏர் ஓட்டியது கூலிக்கு வந்த ஆள். மிராசுதாரின் கணக்குப்பிள்ளை சத்தமே போடவில்லை. "ஐயா, உழுறது யாருன்னு நீங்களே பாருங்க" என்றார், அவ்வளவுதான். அதிகாரி பார்த்தார், அண்ணன் பேரை எழுதாமலே நோட்டை மூடினார். வட்டம் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணன்தான் பேசியது. "தூக்குங்கடா, வெயிலடிக்குது."

அதற்கப்புறம் இருந்த வருஷமெல்லாம் மேற்கு ஜன்னலைப் பார்த்தபடியே படுத்திருந்து, அப்படியே போய்ச் சேர்ந்தது.

புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் போகும்போது அந்த எழுத்தைப் பார்ப்பேன். 'ழு' கொஞ்சம் கோணல். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இது எங்கண்ணன் எழுதினது என்று சொல்ல வாய் வரும், வெட்கமாக இருக்கும், விட்டுவிடுவேன். அப்புறம் முழங்கால் வலி வந்து பயணமும் நின்றது.

இன்று காலை அடுத்த லோடு வந்தது. டிரைவரிடம் கேட்டேன், "எந்த ஊரு கல்லுப்பா?"

"புதுக்கோட்டை ரோட்டு மலை ஆயா. முன்னாடி ஏதோ கட்சி எழுத்து இருக்குமாம், நான் பாத்ததில்ல. இப்ப பள்ளந்தான், தண்ணி நிக்குது. ஓரமா நில்லுங்க, கொட்டப் போறேன்."

கொட்டினதில் ஒரு கல்லை எடுத்துப் புறங்கையில் வைத்துப் பார்த்தேன். வேர்த்திருந்தது. அந்த ரோட்டில் நின்று பார்த்தால் இப்போது மேற்கு வானம் முழுசும் தெரியும்.