வெள்ளாற்று முகத்தில் இரவு தங்கலாமா

இரவு தங்கும் வேலைக்கு என்னை அனுப்புவதா வேண்டாமா என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு வருடத்துக்கு மேல் யோசித்தார்கள். கடலூரில் இருக்கும் சிறிய அளவை நிறுவனம் அது. ஆற்று முகங்களில் ஆழம் பார்ப்பது, நீரோட்டத்தை அளப்பது, மண் எங்கே சேர்கிறது என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. பகலில் முடிகிற வேலை என்றால் என்னை உடனே அனுப்பிவிடுவார்கள். ஆனால் நீரோட்டத்தை ஒழுங்காக அளக்க வேண்டுமானால், கடலின் ஏற்றமும் வற்றமும் இரண்டு முறை வந்துபோகும் வரை ஒரே இடத்தில் படகை நிறுத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். ஓர் இரவு தண்ணீரிலேயே கழியும். அந்த வேலைக்கு எப்போதும் என் சக ஊழியர்தான் போவார். அவரும் நானும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள்.

மேலாளர் கெட்டவர் இல்லை. வாய்விட்டுக் கேட்க முடியாத சில கேள்விகள் அவருக்கு இருந்தன, அவ்வளவுதான். எனவே பதில்களை நானே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். படகின் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. திரைத்துணி நான் கொண்டுபோகிறேன். மூடி போட்ட வாளியும் நான் கொண்டுபோகிறேன். படகோட்டி பரங்கிப்பேட்டைக்காரர், அவரோடு முன்பே பகல் வேலை செய்திருக்கிறேன். மேலாளர் வாளி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா, ஒரு தடவ பாப்போம்" என்றார். "ஆனா ராத்திரி அங்க நிக்கலாமா, வேணாமான்னு நீதான் பாத்து முடிவு பண்ணணும். அது உன் பொறுப்பு."

அவர் எந்த உள்நோக்கத்தோடும் சொல்லவில்லை. ஆனால் 'ஒரு தடவ' என்ற சொல் எனக்குள் தங்கிவிட்டது. வேலை முடியாமல் திரும்பினால் அடுத்த தடவை இருக்காது.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் புவனகிரியில் ஆசிரியை. எங்கள் வீடு ஆற்றைத் தாண்டி, கீரப்பாளையத்தில். தினமும் வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்துதான் பள்ளிக்குப் போய் வருவார். மூன்றாம் நாள் காலை ஒன்றும் சொல்லாமல் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தார். நான்கு பேர் சாப்பிடலாம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய வாரம் மழை பெய்து ஓய்ந்து, அன்று வானம் துடைத்தாற்போல் இருந்தது. படகு முகத்துவாரத்துக்கு வந்தபோது மதியம். படகில் என்னைத் தவிர இரண்டு பேர்: படகோட்டி, அவருடைய மனைவியின் தம்பி. நங்கூரம் போடுவது, கயிறு பிடிப்பது, சமைப்பது எல்லாம் தம்பியின் வேலை. இருவரும் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே இருப்பார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது படகோட்டி எட்டிப் பார்த்து, "உப்பு போட்டியா மச்சான், இல்ல ஆத்துத் தண்ணியவே மொண்டு ஊத்திட்டியா?" என்றார். "எதுவா இருந்தாலும் அக்கா வைக்கிறத வுட நல்லா இருக்கும் மாமா" என்றான் அவன். படகோட்டி அதை மறுக்கவில்லை.

ஓர் இடத்தில் இரவு நிற்கலாமா என்று பார்க்க எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆழம். இப்போது இருக்கும் ஆழம் இல்லை, தண்ணீர் முழுக்க வற்றிய பிறகு மிஞ்சும் ஆழம். அது போதுமானதாக இருந்தது. அடுத்து அடிமண். ஈயக்குண்டின் அடியில் கிரீஸ் தடவி இறக்கினேன். கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. சேற்றில் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். வெறும் மணல் வந்திருந்தால் யோசித்திருப்பேன். பிறகு நங்கூரத்தைப் போட்டு, எஞ்சினைப் பின்னோக்கி ஓடவிட்டு இழுத்துப் பார்த்தோம். கரையில் இருந்த தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் பின்னால் தெரிந்த பள்ளிவாசல் மினாராவும் ஒரே நேர்கோட்டில் நின்றன. படகு நகர்ந்தால் அந்தக் கோடு கலைந்துவிடும். கலையவில்லை.

காற்று: மாலையில் கடலிலிருந்து வரும், இரவில் கரையிலிருந்து திரும்பும். இரண்டுக்கும் அந்த இடம் மறைவு. சுழலும் இடம்: கயிற்றின் நீளத்துக்குப் படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் எதன் மீதும் மோதக் கூடாது. கிழக்கே மணல் திட்டு இருந்தது, ஆனால் எட்டாத தூரத்தில். கைபேசிக்கு சிக்னல் இருந்தது. இருட்டில் வெளியேற வேண்டி வந்தால் பரங்கிப்பேட்டைத் துறை வரைக்கும் வழி சுத்தம்.

எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு சரியான இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நீரோட்டம் அளக்கும் கருவியைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, திரையைக் கட்டிவிட்டு, மேலாளருக்கு அனுப்ப வேண்டிய செய்தியைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். 'இன்றிரவு தங்கலாம்.'

அனுப்புவதற்கு முன்னால் ஓர் ஆகாயத்தாமரைக் கொத்து படகைக் கடந்து போனது.

ஆற்று முகத்தில் ஆகாயத்தாமரை வருவது அதிசயம் இல்லை. ஆனால் உப்புத் தண்ணீரில் அது பிழைக்காது. ஓரிரு நாளில் இலை ஓரம் கருகி, மஞ்சளாகித் தொங்கிவிடும். இது அப்போதுதான் பறித்த கீரை மாதிரி பச்சையாக இருந்தது. சிறிது நேரத்தில் இன்னொன்று வந்தது. அதில் ஊதாப் பூ வாடாமல் நின்றது. மூன்றாவதன் வேரில் வயல் வரப்பு மாதிரிச் சேறு ஒட்டியிருந்தது. மேலே எங்கோ, வாய்க்கால்களில் கிடந்த செடியைப் புதுத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வருகிறது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் திறந்துவிட்டார்களா? இங்கே வெயில் அடிக்கிறது என்பதால் மேற்கே மழை இல்லை என்று ஆகிவிடாது.

என் வரிசையில் கடல் இருந்தது, காற்று இருந்தது, ஆறு இல்லை. நான் அளந்த வற்றம் கடலின் வற்றம். அதன்மேல் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்தால் நங்கூரக் கயிற்றின் இழுப்பு வேறு கணக்கு. இந்தச் செடிகள் கூட்டமாக வந்து கயிற்றில் சிக்கினால் இன்னும் மோசம்.

அம்மாவை அழைத்தேன்.

"எங்கம்மா இருக்க?"

"இஸ்கூலு விட்டு இப்பதான் கெளம்புறேன். ஏன், திரும்பி வரியா?"

"பாலத்துல நின்னு ஆத்தப் பாத்து சொல்லு. தண்ணி ஏறியிருக்கா?"

"ஏறித்தான் இருக்கும். ஐப்பசியில ஏறாம? நீ கெளம்பி வா."

"நீ இன்னும் பாலத்துக்கே போகலியே."

"போய்ப் பாத்தாலும் அதத்தான் சொல்லப்போறேன்."

படகோட்டிக்கு அது கேட்டுவிட்டது. சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் இது உண்மையான சிக்கல். ஆற்றைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள், நான் வீட்டுக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறவர். அவர் வார்த்தையை நம்ப முடியாது. இந்தப் பக்கம் நான் எப்படியாவது தங்க வேண்டும் என்று நினைக்கிறவள்; என் கண்ணையும் அவ்வளவாக நம்ப முடியாது. அதனால் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

முதல் படத்தில் அம்மாவின் கட்டைவிரல். இரண்டாவதில் பாலத்தின் கைப்பிடிச் சுவரும் ஒரு லாரியின் பின்பக்கமும். மூன்றாவதில் ஆறு. பாலத்துக்குக் கீழே, தூண்களை ஒட்டி ஒரு மணல் திட்டு உண்டு. பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். படத்தில் திட்டைக் காணவில்லை. அதன் ஓரத்து நாணலின் நுனிகள் மட்டும் செம்மண் நிறத் தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. எங்கள் பக்கம் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம் அது. கீழே வற்றும்போது மேலே ஏறினால், அது கடலிலிருந்து வந்த தண்ணீர் இல்லை.

அம்மா மறுபடி அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. "நெசமாவே வருது பாப்பா. நான் சும்மா சொல்லல."

படகோட்டியிடம் படத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். இதே இடத்தில் பலமுறை தூங்கியிருப்பதாகவும், தண்ணீர் வந்தால் கயிற்றை இன்னும் விட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அது தவறான யோசனை இல்லை. ஆனால் கயிறு கூடினால் படகு சுழலும் வட்டமும் கூடும். கிழக்கே இருக்கும் திட்டு அப்போது எட்டிவிடும். அதைச் சொன்னேன். அவர் திட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பயமா இருந்தா சொல்லுங்க மேடம், தப்பில்ல. மொத தடவ எல்லாருக்கும் இருக்கும்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இனி நான் என்ன சொன்னாலும் அது பயமாகத்தான் கேட்கும் என்று அப்போது தெரிந்தது. இதே இடத்தில் என் சக ஊழியர் இதே படத்தைப் பார்த்து 'வேண்டாம்' என்றால் அது கணக்கு. நான் சொன்னால் அது 'பொம்பளப் புள்ள, பாவம்.' தங்கிவிட்டால் மட்டுமே அந்தப் பேச்சு வராது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

பெரும்பாலும் என்பதை வைத்துக்கொண்டு இரண்டு பேரை அங்கே படுக்கச் சொல்ல என்னால் முடியவில்லை.

மேலாளரை அழைத்து, இடம் சரியில்லை, திரும்புகிறோம் என்றேன். "ஒடம்புக்கு ஏதாவது முடியலியாம்மா?" என்று கேட்டார். இல்லை, ஆற்றில் தண்ணீர் வருகிறது என்றேன். படத்தை அனுப்பினேன். "சரி, வந்துடுங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கருவியை ஏற்றிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே பரங்கிப்பேட்டைத் துறையில் கட்டினோம். எலுமிச்சை சாதத்தை மூவரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். இரவு வீட்டுக்குப் போனதும் அம்மா சந்தோஷத்தைக் காட்டாமல் இருக்கப் பாடுபட்டார்.

மறுநாள் காலை படகோட்டி கூப்பிட்டார். துறை முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருப்பதாகவும், தண்ணீர் டீ நிறத்தில் ஓடுவதாகவும் சொன்னார். "ஆனா நின்னிருந்தாலும் நின்னிருப்போம் மேடம்" என்றார். நின்றிருக்கலாம் என்றேன். அவருக்குப் பின்னாலிருந்து மச்சானின் குரல் கேட்டது: "நிக்காமயும் போயிருப்போம் மாமா."

இரண்டுமே உண்மை. எது நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. திரும்பி வந்தவர்களிடம் காட்ட ஒன்றும் இருப்பதில்லை.

தை மாதம் அந்த வேலையை மறுபடி எடுத்தபோது மேலாளர் சக ஊழியரை அனுப்பினார். இந்தத் தடவை கட்டாயம் முடித்தாக வேண்டும் என்று மட்டும் சொன்னார், என் மேசையைப் பார்த்து. நான் கருவியையும் குறிப்புகளையும் ஒப்படைத்தேன். சிப்காட் ஆலைகள் வழியாகப் பேருந்தில் வீடு திரும்பும்போது நெடி வராமல் ஜன்னல் கண்ணாடியைச் சாத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சக ஊழியர் போன நாள் எனக்கு விடுமுறை. மாலையில் அழைத்தார். இரண்டு நாள் முன்பு காலம் தவறி ஒரு மழை பெய்திருந்தது. "பாலத்துல போய் கொஞ்சம் பாக்குறியா? நீ பாத்து சொன்னா நிக்கச் சொல்றேன்னு சார் சொல்லிட்டாரு" என்றார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தில் நின்று கீழே பார்த்தபோது மணல் திட்டின் ஒரு விளிம்பு ஈரமாக, கறுத்துத் தெரிந்தது. எனக்கு ஒரு நொடி மனம் லேசானது. தண்ணீர் ஏறுகிறது, அவரும் திரும்பி வர வேண்டியதுதான் என்று. அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை. 'சந்தேகமாக இருக்கிறது' என்று அங்கிருந்தே சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஈரம் ஆற்றுத் தண்ணீர் இல்லை. கரையில் ஒருவர் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார். குழாயின் இணைப்பில் கசிந்த தண்ணீர் மணலில் ஓடியிருந்தது. திட்டின் மறுபக்கம் காய்ந்து கிடந்தது. பையன்கள் ஓடிய தடங்களின் விளிம்பு காற்றில் உதிரும் அளவுக்குக் காய்ந்திருந்தது. ஆறு தெளிவாக, மெதுவாகப் போனது. செடி ஒன்றுகூட இல்லை.

அவரை அழைத்து, "நிக்கலாம்" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா. கெழக்கால ஒரு திட்டு இருக்கு. கயித்த ஜாஸ்தி வுடாம, அத மட்டும் பாத்துக்க."

பாலத்தடித் திட்டையும் ஆற்றையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். அதை மேலாளருக்கு அனுப்பி, கீழே 'இன்றிரவு தங்கலாம்' என்று எழுதி, என் பெயரைப் போட்டேன்.