தமிழ் என்ற வரிசையில் பூஜ்யம்

எங்கள் வட்டாராவில் தமிழ் பேசுகிறவர்கள் ஒருவர்கூட இல்லை. ஏழாம் வகுப்பில் நான் போட்ட அட்டவணை அப்படித்தான் சொன்னது. சுத்தப் பொய். ஒரே கேட், ஒரே குழாய், இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகள். இதைத்தான் பெங்களூரில் வட்டாரா என்பார்கள். ஸ்ரீராமபுரத்தில் இருந்த எங்கள் வட்டாராவில் கேட்டை ஒட்டிய ஒரு வீட்டைத் தவிர மற்ற எல்லாரும் தமிழர்கள். குழாயடிச் சண்டை தமிழில், சமாதானம் தமிழில், பிள்ளைகளுக்கு விழுந்த திட்டும் தமிழில்தான்.

ஆற்றுத் தண்ணீர் விவகாரத்தில் ஊரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அப்போது சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தோம். எனக்கு அதில் நினைவிருந்தது பள்ளிக்கூட விடுமுறை மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்காவும் அவள் வீட்டுக்காரரும் கிருஷ்ணகிரிக்குப் போய், மாதக்கணக்கில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். அவர் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை போய்விட்டது. திரும்பி வந்து வேறொருவர் கடையில் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா வயிற்றில் பிள்ளை.

இந்த நேரம் பார்த்துத்தான் கணக்கு மிஸ் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் தெருவில் வீடு வீடாகப் போய் இரண்டு விவரம் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அதை வகை பிரித்து அட்டவணை போட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு கோடு. ஐந்தாவது வீடு வந்தால் முன் நான்கு கோட்டின் மேல் குறுக்கே ஒரு கோடு. மற்ற பிள்ளைகள் சைக்கிள் இருக்கிறதா, டிவி இருக்கிறதா என்று கேட்டு முடித்துக்கொண்டார்கள். எனக்கு அது கேவலமாகப் பட்டது. வீட்டில் எத்தனை பேர், வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கத் தீர்மானித்தேன். கணக்கில் கெட்டிக்காரி. புத்தியில் மட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினேன். எத்தனை பேர் என்று கேட்டதற்கு எல்லாரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். மாமியாரைச் சேர்த்தா சேர்க்காமலா என்று ஒருத்தி கேட்டாள். மொழி என்றதும் சிரிப்பு நின்றது.

“அது எதுக்குடி உனக்கு?”

“மிஸ் எழுதினு வரச் சொன்னாங்க.”

“எந்த மிஸ்ஸு? கன்னடத்து மிஸ்ஸா?”

ஆமாம் என்றேன். குடம் நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் வரிசையின் கடைசிக்குப் போவதற்குள் இரண்டு கதவு சாத்திக்கொண்டது. மரியாதை தெரியாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்த வீடுகளுக்கும் எனக்குத் தெரிந்ததை நானே எழுதினேன்.

திரும்பி வந்தால் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு ரெக்சின் பை. தையல்காரர் அதற்குள் புடவைகளைத் திணித்துக்கொண்டிருந்தார். பாதி முகம் சவரம் செய்தபடியே அப்பா வெளியே வந்தார்.

“லிஸ்ட் எடுக்கறாங்க அண்ணா. எந்த வூட்ல யாரு இருக்கான்னு. சின்னப் பொண்ண வுட்டு எடுக்கறாங்க.”

“இஸ்கூல் கணக்குப்பா அது. சும்மா கோடு போட்டு எண்றது.”

“வூட்டுக்கு வூடு கோடு போடறதுக்குப் பேரு கணக்கா? போன தபா என் கடைய மட்டும் எப்படி கரெக்டா கண்டுபுடிச்சாங்க?”

மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்றார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பெரியாஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பேர் கொடுத்திருந்தாள். ஊருக்குப் போனால் அதுவும் இல்லை. அவள் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

“எங்க வூட்டுக்கும் கோடு போட்டுட்டியா பாப்பா?”

“போட்டாச்சுக்கா. உங்களுது அஞ்சாவது வீடு. உங்களுக்குத்தான் குறுக்குக் கோடு.”

பெருமையாகத்தான் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா என் முதுகில் ஒன்று வைத்து, ரப்பர் எடு என்றாள். எல்லா வீட்டுக்கும் கன்னடம் என்று மாற்றி எழுதச் சொன்னாள்.

“தப்புக் கணக்கும்மா!”

“தப்பாவே இருக்கட்டும். அழி.”

சத்தம் கேட்டு, கேட்டை ஒட்டிய வீட்டுக் கன்னடத்து ஆன்ட்டி வந்தார். விஷயம் என்ன என்று கேட்டுவிட்டு, எங்கள் தமிழிலேயே சொன்னார். “எங்க வூட்டைத் தமிழுன்னு எழுதிக்கோ. வர்றவன் வந்தா எங்க கதவைத் தட்டிட்டுப் போகட்டும்.” யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தையல்காரர் பையை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டே அத்தனை கோட்டையும் கன்னடத்து வரிசைக்கு மாற்றினேன். தமிழுக்கு நேரே பூஜ்யம் போட்டேன்.

மறுநாள் மிஸ் அட்டவணையைப் பார்த்தார். பிறகு நான் முதலில் எழுதிய தாளைப் பார்த்தார். அழித்து அழித்து அதில் ஓட்டையே விழுந்திருந்தது.

“உங்க வீட்லயும் கன்னடமா?” என்று கன்னடத்தில் கேட்டார். “ஹௌது மிஸ்”, ஆமாம் என்றேன். வகுப்பில் தமிழில் பேசியதற்காக எத்தனையோ முறை என்னைப் பெஞ்சில் ஏற்றியவர் அவர். அன்று அட்டவணையை நான்காகக் கிழித்தார். கத்தரிக்கோல் எடுத்து அந்தத் தாளில் மொழிப் பகுதியை மேலிருந்து கீழ்வரை வெட்டினார். கிழித்ததையும் வெட்டியதையும் மடித்து என் கையில் வைத்து, வழியில் யாருக்கும் காட்டாமல் அம்மாவிடம் கொடு என்றார். மீதியிருந்த விவரத்தை வேறு மாதிரி வகை பிரிக்கச் சொன்னார். ஒன்று முதல் மூன்று பேர் உள்ள வீடு, நான்கு முதல் ஆறு, ஏழு முதல் ஒன்பது. இடைவேளையில் உட்கார வைத்துப் போட வைத்தார். அதைச் சுவரில் ஒட்டினார். ஒருத்தரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத அட்டவணை.

அந்தம்மா கன்னடத்துக்காரி, அதான் தமிழை வெட்டிட்டா என்று தோழியிடம் சொன்னேன். பரீட்சை வரை அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. என்னை மாதிரி ஒரு மடச்சி கிடைக்க மாட்டாள்.

வீட்டில் அம்மா அந்தக் காகிதங்களை வெந்நீர் அடுப்பில் போட்டாள். போடுவதற்கு முன்னால் தையல்காரரையும் அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவை சாம்பலாகும்வரை அவர் நின்று பார்த்தார். நாளைக்குக் கடைக்குப் போறேன் என்றார். என் உழைப்பு எரிவதை வேடிக்கை பார்க்கிறார்களே என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

அவர்கள் ஊருக்குப் போகவில்லை. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரெக்சின் பை மட்டும் கதவைத் திறந்தால் காலில் இடிக்கிற இடத்திலேயே கிடந்தது. குழந்தைத் துணியை அதிலிருந்துதான் எடுப்பாள். துவைத்துக் காய்ந்ததும் மடித்துத் திரும்ப அதிலேயே வைப்பாள். பக்கத்திலேயே அலமாரி காலியாக இருந்தது.

அலமாரி இருக்கும்போது ஏன்க்கா பையில் வைக்கிறீங்க என்று ஒரு நாள் கேட்டேன்.

“பழகிடுச்சு பாப்பா” என்றாள்.

சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.