சின்ன மீனின் நடுக்கம்

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் அந்தச் சத்தம் கேட்டது. கண்ணாடித் தொட்டிக்குள் காற்று மோட்டார் விடுகிற கொப்புளச் சத்தம். தண்ணீர் தன் பாட்டுக்கு எதையோ முனகிக்கொண்டே இருப்பதைப் போல. உள்ளே இருந்தவை சாதாரணத் தங்க மீன்கள்தான். ஆனாலும் என் மூக்கில் உப்பு ஏறியது. கடல் இல்லாத சிவகாசியில், எங்கள் வீட்டு முன்னறையில் சில வருஷம் இருந்த கடல். என் முறை வருமுன் எழுந்து வந்துவிட்டேன். எங்கள் உப்புத் தண்ணீர்த் தொட்டி இப்போது மொட்டை மாடியில் கவிழ்ந்து கிடக்கிறது. அவள் வீட்டை விட்டுப் போய், வருகிற ஆடியோடு மூன்று வருஷம்.

நான் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறவன். அவள் என் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் சேர்க்கிற வேலைக்கு வந்து, பிறகு என் மனைவியானவள். ஒரு மஞ்சளுக்குள் ஏழு மஞ்சள் அவள் கண்ணுக்குத் தெரியும். எனக்கு மூன்றுதான். அவள் சொல்வதுதான் சரி என்று தெரிந்தும், ஆர்டர் கொடுக்க வந்த பார்ட்டி முன்னால் "நான் சொன்னதப் போடு" என்பேன். "சரிங்க" என்பாள். கோயம்புத்தூர் அச்சகம் ஒன்று வண்ணப் பிரிவையே பார்த்துக்கொள்ள அவளைக் கூப்பிட்டது. நான் போகாதே என்று சொல்லவில்லை. "உனக்கெதுக்கு அந்த அலைச்சல்?" என்று மட்டும் கேட்டேன். அதற்கும் "சரிங்க." பிள்ளை இல்லாத வீடு, சண்டையும் இல்லை. ஒற்றுமையாக இருக்கிறோம் என்று நம்பினேன்.

கோமாளி மீன் அவள் ஆசை. அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள். மதுரைக் கடைக்காரர் வலையை நீட்டிக்கொண்டே பாடம் எடுத்தார்.

"ஒரே அளவுல ரெண்டு எடுக்காதீங்கம்மா, அடிச்சுக்கிரும். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. பிறக்கையில எல்லாமே ஆணுதான். சேந்து இருந்தா பெருசு பொண்ணாயிரும், சிறுசு ஆணாவே இருந்துக்கிரும். பொண்ணு வச்சதுதான் சட்டம்."

"நல்ல ஊராத்தான் இருக்கு," என்றாள், என்னைப் பார்க்காமல்.

அவர் சிரித்துவிட்டார். "பொண்ணு செத்துட்டா சிறுசு வளந்து பொண்ணாயிரும். ஆனா ஒருவாட்டி ஆயிட்டா திரும்ப ஆணாகாது. பிறகு அத விடப் பெருசு எதையும் உள்ள விட்ராதீங்க."

நான் போனில் ஒரு பார்ட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, தங்கவில்லை.

சின்னதை முதலில் தனியாக வைத்தாள். மிட்டாய் டப்பாவில் காய்ச்சிய ஊசியால் துளை போட்டு, அதற்குள் விட்டு, தொட்டியில் மிதக்கவிட்டாள். ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும் என்று. நாலாம் நாள் திறந்துவிட்டதும் பெரியது விரட்டி விரட்டிக் கடித்தது. சின்னது ஓடிப் பார்த்தது. பிறகு ஒரு மூலையில் நின்று, உடம்பை ஒருக்களித்து, தலை முதல் வால் வரை படபடவென்று நடுங்கியது. பெரியது கடிப்பதை நிறுத்தியது. அன்றைக்கே இரண்டும் ஒரே மண் கலயத்துக்குள் அடைந்தன.

"பாரு, என்னமா ஆடுது. மயங்கிருச்சு," என்றேன்.

அதை வரைந்தேன். பூச்சட்டிப் பட்டாசுப் பெட்டிக்கு, தீப்பொறி மழைக்குக் கீழே ஆடுகிற இரண்டு மீன். அவள் சின்ன மீனின் ஆரஞ்சை ஒரு படி வெளிறவிட்டிருந்தாள்.

"ஏன், மை தீந்துருச்சா?"

"அது ஆடலீங்க. 'நான் சிறுசு, கடிக்காத'ன்னு சொல்லுது. நானும் படிச்சுப் பாத்தேன். பெருசுக்குப் பயந்து, தான் வளராமக் கூட இருந்துக்கிருமாம். வளந்தா வெரட்டிரும்லா?"

"ரெண்டும் ஒரே ஆரஞ்சு. நான் சொன்னதப் போடு."

"சரிங்க."

அந்த லேபிள் நன்றாக ஓடியது. இன்றும் ஓடுகிறது. தீபாவளி சீசனில் எந்தக் கடையில் நுழைந்தாலும் அந்த இரண்டு மீனும் என்னைப் பார்க்கும்.

ஒரு சித்திரையில், பகல் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளில், பெரியது செத்துப்போனது. சின்னது சில நாள் கலயத்தை விட்டு வெளியே வரவில்லை. பிறகு வந்தது. தின்றது. மாதங்கள் போகப் போகப் பருத்தது. தொட்டியின் இந்தக் கண்ணாடியிலிருந்து அந்தக் கண்ணாடி வரை தன் இடம் என்று நீந்தியது. அவள் காபி டம்ளரோடு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். "வளந்திருச்சு பாத்தீகளா," என்பாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் உண்டாக்கியதே இல்லை. "பாவம், ஒத்தையா இருக்கு," என்பேன். "இருக்கட்டும்ங்க. நல்லாத்தான இருக்கு."

எனக்கு அந்த நடுக்கம் திரும்ப வேண்டியிருந்தது. இப்போதுதான் இப்படி எழுத முடிகிறது. அன்று அதை இரக்கம் என்றே நினைத்தேன். அவள் தாயில்பட்டிக்கு ஒரு சடங்குக்குப் போயிருந்த நாளில், அவளிடம் சொல்லாமல் மதுரை போய், இருந்ததிலேயே பெரிய மீனாகப் பார்த்து வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். டப்பாவும் இல்லை, துளையும் இல்லை. விட்டுவிட்டு, எம். புதுப்பட்டியில் ஒரு கம்பெனிக்கு டிசைன் காட்டப் போனேன்.

சாயந்திரம் நான் திரும்பியபோது அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். உள்ளங்கையில் அது கிடந்தது. துடுப்பெல்லாம் கிழிந்திருந்தது. எங்கள் சின்ன மீன் நடுங்கியே இருக்காது. கடைசி வரை எதிர்த்து நின்றிருக்கிறது.

"கடைக்காரர் சொன்னாருல்ல?"

"மறந்துட்டேன்."

"நீங்க மறக்கலீங்க. கேக்கவே இல்ல."

கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் குழி தோண்டினாள். மறுநாள் கோயம்புத்தூருக்கு அவளே போன் செய்தாள்.

"ஒரு மீனுக்காகவா?" என்று ஒரு வாரம் கேட்டேன்.

"மீனுக்காகன்னே வச்சுக்கங்க."

பஸ் ஸ்டாண்டில் பெட்டியை மேலே ஏற்றி வைத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றேன். வாய் சும்மா இருக்கவில்லை. "இனிமே நான் சின்ன மீனா இருந்துக்கிடுறேன். சரியா?"

சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை. "உங்களுக்கு அது வராதுங்க."

டிரைவர் ஏறினார். வண்டி உறுமியது. புது மீன் மட்டும் தொட்டியில் இருந்தது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள்.

"செவ்வாக்குச் செவ்வா தண்ணி மாத்துங்க. அதுக்குச் சோடி தேடாதீக. ஒத்தையா இருக்கப் பழகிரும்."