மீன் கடையில் என் குரல்

மும்பை செம்பூரில் புதிதாகத் திறந்திருக்கும் அந்தப் பெரிய கடையின் மீன் பகுதியில் மீன் வாசமே இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஐஸ்மேல் சுர்மை என்கிற வஞ்சிரமும் பாறை மீனும் ஒரே திசையில் தலைவைத்துக் கிடக்கும். ஒவ்வொன்றின் மேலும் பச்சையில் ஒரு சீட்டு: கடலை அழிக்காமல் பிடித்த மீன். எதிர்ச்சுவரில் ஒரு திரை. அதில் ஓடும் படத்துக்குக் குரல் கொடுத்தவள் நான்.

நான் தாராவியில் பிறந்தவள். விளம்பரங்களுக்கு இந்தியிலும் தமிழிலும் பேசுவது என் தொழில். கடைக்காரர்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு மீனவப் பெண்ணைப் படம் எடுத்து வந்திருந்தார்கள். அவர் கணவரின் வள்ளத்தில் பிடிக்கும் மீன் இந்தக் கடைக்கு வருகிறது. அவர் தமிழில் சொன்னதை நான் இந்தியில் பேச வேண்டும். மாட்டுங்காவில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு நடந்தது.

படத்தில் வலையைப் பற்றியும் விலையைப் பற்றியும் அந்த அக்கா தெளிவாகவே பேசினார். கடைசியாகப் படம் எடுத்தவர்களில் ஒருவர், "இப்ப கடல்ல மீன் கூடியிருக்கா?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. வாய் லேசாகத் திறந்து மூடியது. கேமராவைத் தாண்டி எதையோ பார்த்தபடி நின்றார். ஹெட்போனில் அலைச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அவர் எனக்குப் பின்னால் எதையோ பார்ப்பதுபோல் தோன்ற, என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன். சத்தத்தை உறிஞ்சும் பஞ்சுச் சுவர்தான் இருந்தது.

"இந்த எடத்துல என்ன பேச?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம்மா. அதைக் கடைக்காரா வெட்டிடுவா," என்றார் ஸ்டுடியோக்காரர். விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து நானும் என் கணவரும் அந்தக் கடைக்குப் போனோம். அவருக்குத் தாராவியில் தோல்பை செய்யும் பட்டறை. வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்ததால் மீன் வாங்கப் போயிருந்தோம். திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வி வந்தது. அதை வெட்டவில்லை. அக்காவின் வாய் திறந்தது. என் குரல் இந்தியில் சொன்னது: கடல் மறுபடியும் நிறைந்து வருகிறது, எங்கள் பிள்ளைகளுக்கும் மீன் இருக்கும்.

வாக்கியம் தொடங்குமுன் நான் இழுக்கும் சின்ன மூச்சுகூட அதில் இருந்தது.

"நல்லாப் பேசியிருக்கியே," என்றார் கணவர்.

"அத நான் பேசல."

"ஒங் கொரலுல்லா?"

"கொரல் என்னுதுதான். பேசுனது நான் இல்ல."

சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். படம் முடிந்து மறுபடி தொடங்கியது. அந்த இடம் வந்தபோது தொண்டையில் கைவைத்துக் கொண்டேன். அது அசையவில்லை. குரல் மட்டும் மேலிருந்து வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஒரு கிலோ சுர்மை கேட்டார்.

ஸ்டுடியோக்காரருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். "அது மெஷின் பேசறதும்மா. உன்னோட பழைய ரெக்கார்டிங்க வெச்சுப் பண்ணிருக்கா. இப்ப எல்லாரும் அப்படித்தான்," என்றார். கெஞ்சி, அந்த அக்காவின் நம்பரை வாங்கினேன்.

மறுநாள் அக்காவிடம் பேசினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"கடக்காரங்களக் குத்தம் சொல்ல முடியாதும்மா," என்றார். "வெல நல்லாத்தான் தாறாங்க. சின்ன மீனு எடுக்க மாட்டாங்க. அதனால பெரிய கண்ணி வலதான் போடுதோம். குஞ்செல்லாம் தப்பிச்சிப் போயிருது."

"அப்ப நல்லதுதானக்கா?"

"தப்பிச்ச குஞ்ச விசைப்படகு வந்து அரிச்சிட்டுப் போயிருதே, கோழித் தீவனத்துக்கு. அவனுக்கு வேற யாவாரி. கடலு ஒண்ணுதான."

"அன்னைக்கு ஏன் பதில் சொல்லல?"

"கூடியிருக்குன்னா பொய்யி. கொறஞ்சிருக்குன்னு சொன்னா எங்க மீன வாங்காமப் போயிருவாங்களோன்னு பயம். கடலப் பாத்தேன். ஆள் இல்லாத வீடு மாதிரி கெடந்துச்சி."

அந்த வரியை எடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லும்மா. ஆனா எங்க மீன நிறுத்திராத மாதிரி பக்குவமாச் சொல்லு."

கடைக்காரர்களிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். அடுத்த வாரம் செம்பூரில் அந்த வரி இல்லை. மீன் எப்போதும்போல் வந்துகொண்டிருந்தது. அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

பிறகு ஒருநாள் காட்கோபரில் இருக்கும் என் மதினி போன் செய்தாள். "இங்க மீன் கடைத் திரையில ஒன் கொரலக் கேட்டேன். மராத்தி எப்ப இவ்வளவு நல்லாப் படிச்ச?" என்றாள். எனக்கு மராத்தி காய்கறிக்குப் பேரம் பேசும் அளவுக்குத்தான் வரும்.

காட்கோபரில் இருக்கும் அதே கடையின் கிளைக்குப் போனேன். திரையில் அதே அக்கா. தடுமாற்றமே இல்லாத மராத்தியில், என் குரலில், கடல் நிறைந்து வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மீன் வெட்டுகிறவரிடம் போய், "பய்யா, அவங்க அப்படிச் சொல்லவே இல்லை," என்று இந்தியில் சொன்னேன்.

அவர் கத்தியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க அந்த அம்மா மாதிரியே பேசுறீங்க," என்றார்.