சாரலில் ஏறிய கார்

எனக்குக் கல்யாணமான மறுவருஷம் என் வீட்டுக்காரர் பழைய கார் ஒன்றை வாங்கினார். ஆடிச் சாரல் தொடங்கியதும் என்னையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குக் கிளம்பினார். காரின் பின்பக்கம் சாப்பாட்டுக் கூடையைத் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தோம்.

குற்றாலம் தாண்டியதும் ஏற்றம். செம்மண் பாதை மழையில் குழைந்து கிடந்தது. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. கார் மெல்லப் பின்னால் சறுக்கியது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். மூன்று முறை முயன்றும் கார் ஏறவில்லை. வீட்டுக்காரரின் முகம் வாடிவிட்டது.

என் பிறந்த வீட்டில் கிணற்று வாளியின் பிடி கையில் வழுக்காமலிருக்கக் கயிறு சுற்றி வைப்போம். அது எனக்கு நினைவுக்கு வந்தது.

“ஏங்க, சக்கரத்துல கயித்தச் சுத்திப் பாப்பமா?” என்றேன்.

“ஏட்டி, கார் என்ன மாடா, கயித்தப் போட்டுக் கட்டுததுக்கு?” என்று சிரித்தார்.

“அவ சொல்லுததையும் செஞ்சுதான் பாரேம்லே,” என்றார் மாமியார்.

கூடையை அவிழ்த்து மாமியாரிடம் கொடுத்தேன். கயிற்றைத் துண்டுகளாக அறுத்து, சைக்கிளுக்கு இருப்பதுபோன்ற சக்கரக் கம்பிகளுக்கிடையே நுழைத்து, டயரைச் சுற்றி நானும் அவரும் கட்டினோம். பிறகு நானும் மாமியாரும் ஓரமாக நின்றுகொண்டோம். கார் உறுமியது, சேற்றை எங்கள் மேல் வாரியடித்துவிட்டு ஏறியேவிட்டது! நடுவில் நிறுத்தப் பயந்து அவர் உச்சிவரை போய்விட்டார். நாங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க, நனைந்தபடி ஏறினோம்.

மேலே அவர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றார். தன் அம்மா முன்னால் அவர் என் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.