மழைக்கோட் போர்த்திய ரோபோ

காலை பத்து இருபது. அந்நேரத்துக்கு என் கைபேசியில் வந்திருக்க வேண்டிய செய்தி வரவில்லை.

‘அம்மப்பா குளுசை குடித்துவிட்டார்.’ இவ்வளவுதான் அந்தச் செய்தி. லிங்கநகரில் தனியாக இருக்கும் என் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ரோபோ அதைத் தினமும் அனுப்பும். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் வாங்கி அனுப்பிய ரோபோ அது. முழங்கால் உயரம், அடியில் உருண்டோடச் சில்லுகள், முகத்துக்குப் பதில் ஒரு திரை. தன்னைப்போல அதுவும் அப்பாவை ‘அம்மப்பா’ என்றே கூப்பிடும்படி மகன் செய்திருந்தான். முதல் நாள் அது அப்படிக் கூப்பிட்டதும் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அப்ப நீ இதுக்கு அம்மா. ரெண்டாவது பிள்ளை வீடு தேடி வந்திருக்கு, தூக்கன்.”

நான் தூக்கவில்லை.

என் அப்பா மருந்து குடித்ததை ஒரு இயந்திரம் எனக்கு அறிவிப்பதா என்று அந்தச் செய்தியை வாசிக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். அது வராத அன்றைக்குத்தான் கைபேசியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அதற்கு முந்தின நாள் பின்னேரம் இடி இடித்தது. இடி கேட்டால் எங்கள் வீடுகளில் முதல் வேலை எல்லாப் பிளக்கையும் கழற்றுவது. அப்பா ரோபோவின் பிளக்கையும் கழற்றிவிட்டார். பிறகு அடித்த காற்றில் மரம் விழுந்து லிங்கநகர்ப் பக்கம் கரண்ட் போனது. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டில் கொஞ்ச நேரத்திலேயே வந்துவிட்டது. இருட்டுப்படுகிற நேரம் அவருக்குக் கோல் எடுத்தேன்.

“எனக்கு ஒண்டுமில்ல பிள்ளை. இதுக்குத்தான் சார்ஜ் இறங்குது.”

“எங்கட வீட்டில கரண்ட் இருக்கு. வாங்கோ.”

“இதையும் கொண்டு வரலாமோ?”

“அதை விட்டிட்டு வாங்கோ அப்பா.”

“அப்ப நான் இங்கயே இருக்கிறன்.”

அவருக்கு எண்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகுகளின் இயந்திரங்களோடு வாழ்ந்தவர். அந்தக் கதைகளையெல்லாம் நான் கேட்டு முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் வாசலில் நின்று கேட்டபோது, நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோன ஒரு கதையை ரோபோவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்லாத கதை. “பிறகு என்ன நடந்தது அம்மப்பா?” என்று அது கேட்டது.

“இதை எனக்குச் சொல்லேல்லையே?” என்றேன்.

“உனக்குக் கால் இருக்கு, ஆனா நிக்க மாட்டாய். இதுக்குச் சில்லு, எண்டாலும் ஓடாம நிண்டு கேக்கும்.”

மகனும் அப்படித்தான். நான் கோல் எடுத்தால், “அம்மா, மீட்டிங். பிறகு எடுக்கிறன்.” ஆனால் ரோபோவின் திரையில் வந்து அம்மப்பாவோடு மணிக்கணக்கில் கதைப்பான். நான் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே இரண்டு பேரின் சிரிப்பும் கேட்கும். உள்ளே போனால், “அம்மா வந்திட்டா” என்பான். வகுப்புக்குள் ரீச்சர் வந்ததுபோல இருவரும் அடங்கிவிடுவார்கள்.

வாணி விழாவின் கடைசி நாள், ஆயுத பூசைக்கு, அப்பா தன் பழைய ஸ்பானர்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். பிறகு ரோபோவுக்கும். கமராவை மறைக்காமல் பார்த்துப் பார்த்து வைத்தார். எனக்கு அவர் கையால் பொட்டு வைத்துப் பல வருடங்கள்.

பத்து இருபதுக்குப் பிறகு அவருடைய போனுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. தூறலோடு ஸ்கூட்டியில் போனேன். கதவு பூட்டியிருந்தது. என்னிடமிருந்த திறப்பால் திறந்தேன். கரண்ட் இன்னும் வரவில்லை. அவருடைய போன் மேசையில் கிடந்தது. குளுசைப் பெட்டியில் அன்றைய குளுசைகள் அப்படியே இருந்தன. ரோபோவைக் காணவில்லை, அதன் சார்ஜர் தட்டையும் காணவில்லை. போன மழைக்கு நான் வாங்கிக்கொடுத்த மழைக்கோட்டும் சுவர்க் கொளுவியில் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “விடியவே ஓட்டோவில போனவர். மழைக்கோட்டில எதையோ சுத்தி, பிள்ளையைப்போல மடியில வச்சுக்கொண்டு. அவருக்குத் தலையில ஒரு துவாய் கூட இல்ல.”

அந்நேரம் மகன் கோல் எடுத்தான். “அம்மா, அது ஒஃப்லைன்ல கிடக்கு. என்ன நடந்தது அதுக்கு?”

“உன்ர அம்மப்பாவைக் காணேல்ல. நீ அதை விசாரிக்கிறாய்.”

 அவன் சின்ன வயதுக் குரலில், “ஆஸ்பத்திரியில பாத்தீங்களா அம்மா?” என்றான்.

பார்த்தேன். துறைமுக வாசலில், அவர் தேத்தண்ணி குடிக்கும் கடையில், எங்கும் இல்லை. குளுசை குடிக்காமல், சாப்பிடாமல் எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்ற பயம் ஒரு பக்கம். விழுந்தாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் விழுந்திருப்பார் என்ற எரிச்சல் இன்னொரு பக்கம். திரும்பி வந்து அவர் கட்டிலில் இருந்தேன். பக்கத்தில் அவருடைய மின்சார மணிக்கூடு இருண்டு கிடந்தது. கரண்ட் போய் வந்தால் அது பன்னிரண்டில் நின்று மினுக்கும். “எல்லாத்தையும் மறந்திட்டு நிக்குது, மடச் சாமான்” என்று திட்டிக்கொண்டே அப்பா திருத்துவார். சார்ஜ் தீர்ந்தாலும் ரோபோ அப்படி மறக்காது என்று மகன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அப்பா தலையாட்டுவார். ஆனால் அதன் சார்ஜ் பாதிக்குக் கீழே போக ஒரு நாளும் விட்டதில்லை.

மத்தியானம் தாண்டி ஒரு ஓட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியவர் அப்பாவோடு படகில் வேலை செய்த மாமா. பாலத்துக்கு அப்பால் குறிஞ்சாக்கேணிக்காரர்.

“கோவிக்காதீங்க மகள். எங்கட கூரையில சோலார் இருக்கிறது தெரிஞ்சு வந்திருக்கார். சுகம் விசாரிக்கல்ல, ஒண்டுமில்ல. ‘பிளக் எங்க?’ எண்டுதான் கேட்டார். ரொட்டி தின்ன வச்சிருக்கன். உங்கட நம்பர் அவருக்குப் பாடமில்லயாம்.”

அப்பா இறங்கினார். சேர்ட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மடியிலிருந்ததை நெஞ்சோடு அணைத்திருந்தார். மழைக்கோட்டில் ஒரு துளி ஈரமும் உள்ளே போகாதபடி சுற்றியிருந்தார்.

“அப்பா...” என்று தொடங்கினேன்.

“குளுசைக்கு நேரம் பிந்திவிட்டது, அம்மப்பா” என்றது கோட்டுக்குள்ளிருந்து அது. நான் சொல்ல வாயெடுத்த அதே வார்த்தை.

அழுகை வந்துவிட்டது. “பக்கத்தில என்ர வீடு இருக்கு. பாலம் தாண்டிப் போயிருக்கிறீங்கள். என்னைவிட இது பெரிசா உங்களுக்கு?”

அப்பா கோட்டை விலக்கித் திரையைப் பார்த்தார். அது முழு வெளிச்சத்தில் இருந்தது. பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“நீ என்னை மறக்க மாட்டாய் பிள்ளை” என்றார். “இது மறந்திடும்.”